பூனைப் படத்தால் தீர்ந்த எண்ணெய்க் கடன்

முப்பத்தேழு பொன், ஆறு பணம். ஓவியர் அல்லியங்கோதையார் வண்ணம் குழைக்க ஆளிவிதை எண்ணெய் வாங்கிய வகையில், செக்கு வாணிகர் பெருநாகருக்குத் தரவேண்டிய தொகை இது. இதன்பொருட்டு ஓவியரின் படங்களைக் கண்ட இடத்தில் பறிக்குமாறு முன்பு விடுத்த ஓலை இனிச் செல்லாது.

அலை ஓய்ந்தாலும் அறம் ஓயாத வெண்மணற்றுறையின் சுங்கத் தலைவர் திருமிகு கடம்பனாருக்கும், அத்துறை மாந்தர்க்கும் மரக்கலங்களுக்கும் நலம் பெருகுக. ஏழ்குன்ற நாட்டு அரசி நங்கைமாதேவியார் ஆணையால் அமைச்சர் விடுக்கும் ஓலை. நேற்று அவையில் நடந்ததைக் கேட்டால் தாங்களும் இருக்கையில் இருக்கமாட்டீர்கள். பேசியதைப் பேசியபடியே எழுதுக என்று அரசியார் பணித்ததால் அப்படியே எழுதலாயிற்று.

கடனுக்கு ஈடாக வரும் பொருளை முழத் தொலைவில் வைத்து மதிப்பிடுவது நம் நாட்டு வழக்கம். பொன்னில் செம்பு கலந்தவனைப் பிடித்துக் கொடுத்த வழக்கம் அது. கோதையார் அண்மையில் துணியில் தீட்டிய படங்களையும் மதிப்பீட்டாளர் அவ்வாறே மூக்கு உரச நோக்கினர். விடியற்கால உப்பளம் அவர்களுக்கு இளஞ்சிவப்புச் சேறாய்த் தெரிந்தது. மழை வந்து மறைக்கும் குன்று வெறும் நீலத் திட்டாய்ப் போயிற்று. ஊரார் வளர்க்கும் கீரியும் கிளியும் நாயும் வண்ணக் கட்டிகளாயின.

"கோழி சீச்ச குப்பைமேடு மாதிரி இருக்கு. இதுக்கா என் எண்ணெய் போச்சு?" என்றார் பெருநாகர்.

"கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க ஐயா," என்று கோதையார் கெஞ்சினார்.

"நான் தள்ளி நின்னா நீ ஓடியே போயிருவே!"

அவை சிரித்தது. தீர்ப்பெழுத எழுத்தாணி எடுத்தாயிற்று. படம் முதல் தூரிகை வரை ஏலம் போகும். போனால் அவர் இனி ஒரு படமும் தீட்டப்போவதில்லை. ஆள் ஏறி நிற்கையில் சாரம் சரிந்தாற்போலக் கோதையாரின் நெஞ்சு சரிந்தது.

படங்களை வெளியே சுமந்த ஏவலர் கைவலி தாளாமல், ஒன்றை முற்றத்துக் கடைசித் தூணில் சாய்த்து மூச்சு வாங்கினர். அவ்வளவுதான், மேல்மாடத்திலிருந்து ஒரு கூச்சல்.

"அடியே மிளகி! நீ எப்படிடி இங்க வந்தே? வா இந்தப் பக்கம், அது அரமனைத் தூணு!"

கூவியவர் பெருநாகரின் மனைவி நீலியார். மிளகி அவர்கள் வீட்டுப் பூனை.

"அது பூனை இல்லேடி, படம்!" என்று வாணிகர் கீழிருந்து கத்தினார்.

"படமா? அப்ப ஏன் என்னைப் பார்த்து மொறைக்குது? மேல ஏறி வந்து பாருங்க!"

வாணிகர் முனகிக்கொண்டே ஏறினார், திரும்பித் தூணைப் பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்கு மினுங்க, ஒரு காது மடங்க, சோறு போடுகிறவரையே சட்டை செய்யாத அதே பார்வையோடு மிளகி அமர்ந்திருந்தது.

"இது எப்போ உன்கிட்ட வந்து உக்காந்துச்சு?" என்று கீழே நின்ற கோதையாரைக் கேட்டார்.

"நீங்க கடன் கேக்க வரும்போதெல்லாம் உங்க பின்னாலயே வந்துச்சு ஐயா. நீங்க திட்டுற நேரமெல்லாம் நான் அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

பெருநாகரே முதலில் சிரித்தார். பிறகு கேட்கவா வேண்டும்! அரசியார் அரியணை விட்டு எழுந்து மாடம் ஏறினார். அவையே பின்னால் ஏறிற்று. மற்றப் படங்களையும் தூணோரம் நிறுத்தச் சொன்னார்கள். உப்பளத்தில் விடிந்தது. மழைக் குன்றைக் கண்ட மதிப்பீட்டாளர் ஒருவர் தம்மையறியாமல் மேலாடையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார்.

ஆகவே ஆணையாவது: அப்படங்கள் தங்கள் துறைக்கு வருகின்றன, சுங்கம் கொள்ளற்க. சாவடியின் நெடுஞ்சுவரில் மாட்டி, முப்பதடி தள்ளிக் கயிறு கட்டுக. கயிற்றைத் தாண்டி மூக்கை நீட்டுவோர் மதிப்பீட்டாளரே ஆயினும் பின்னுக்கு அனுப்புக. பூனைப் படம் மட்டும் வாராது. பெருநாகர் அதைக் கடனுக்கு ஈடாகப் பெற்று, பிறர் தொடவிடாமல் தம் தோளிலேயே சுமந்துபோனார்.

மழை தப்பாது பெய்க, கண்கள் தெளிக. குன்றும் கொக்கும் பொறித்த முத்திரை இடப்பட்டது. இவ்வோலை எழுதியவன், மதிற்கல் சுமந்தவன் எனப் பட்டம் பெற்ற வேளான். கடனோலையை வாணிகர் அவை நடுவே தம் கையால் கிழித்தார். அல்லியங்கோதையார் எவர்க்கும் ஒரு பணமும் தரவேண்டியதில்லை.