சீட்டைப் பின்னால் தள்ளியவனுக்கு

இன்று காலை பரமத்தி ரோட்டுப் பட்டறையில் வண்டியை விட்டிருந்தேன். டிரைவர் சீட்டின் பலகை வெடித்து முதுகில் குத்துகிறது, மாற்ற வேண்டும். புதிதாய் வந்திருக்கும் ஆசாரி பலகையை இழைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான். "ஏனுங்க, சீட்ட ஒரு விரக்கடை பின்னால தள்ளி அடிச்சு உடட்டுங்களா? காலை நீட்டிக்கச் சௌரியமா இருக்குமுங்க" என்றான். பாவம், நல்ல மனதோடுதான் கேட்டான். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "இருந்த எடத்துலயே இருக்கட்டும். அதுல கையை வெச்சே, அப்பறம் பாரு!" என்று கத்திவிட்டேன். பட்டறையே திரும்பிப் பார்த்தது. இழைப்புச் சீவலின் வேங்கை மர வாசனையில், நீ அங்கேயே எங்கோ உளி தீட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. நின்றிருந்தால் உன்னையும் சேர்த்துத்தான் திட்டியிருப்பேன்.

செத்துப்போனவனைத் திட்டுவது பாவம் என்று வீட்டில் சொல்கிறாள். திட்டட்டுமே, அவனுக்குக் காது கேட்கவா போகிறது என்றேன். உயிரோடு இருந்தபோது உன்னோடு பேச மாட்டேன் என்று இருந்தவன் நான். இப்போது பார், லாரி ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது நான் இருந்த இருப்பு உனக்கு மறந்திருக்காது. சேலத்து ஜவ்வரிசி மூட்டையை ஏற்றிக்கொண்டு வடக்கே போவதும் வருவதுமாக வருஷங்கள் ஓடியிருந்தன. ரோட்டோர ஓட்டல்களில் டிரைவர் வந்தால் இலை நிறைய விழும். தின்பது, உட்காருவது, மறுபடி தின்பது. வேட்டி இடுப்பில் நிற்காமல் வயிற்றுக்குக் கீழே நழுவும். குனிந்தால் என் கால் எனக்குத் தெரியாது. ஆபீசில் எனக்கு டேங்கர் என்று பேர் வைத்திருந்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். வேறு என்ன செய்ய?

தொப்பூர் கணவாயில் அந்த வளைவில் மாட்டு வண்டி குறுக்கே வந்த நாளோடு சிரிப்பு நின்றது. ஸ்டேரிங்கை வெட்டித் திருப்ப வேண்டும். சக்கரம் என் வயிற்றில் மாட்டிக்கொண்டு பாதியில் நின்றுவிட்டது. வண்டி கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டு போய் நின்றது. மாட்டுக்காரனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே எட்டிப் பார்த்தேன். பள்ளம். அன்றைக்கு என் பிள்ளைகளின் முகம்தான் முன்னால் வந்தது.

கிளீனர் போய் முதலாளியிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டான். முதலாளி கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல் பேசினார். "உன்ற தொழில்ல ஒரு கொறையுமில்லப்பா. ஆனா உன்ற வயித்தோட நான் வண்டியத் தர முடியாது. புது வண்டி வருது, பாடி கட்டறாங்க. கட்டி முடியறதுக்குள்ள எளச்சுட்டு வா, சாவி உனக்குத்தான். இல்லீன்னா கெடங்குல மூட்டை பாத்துட்டு உக்காந்துக்க" என்றார். கிடங்கு என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். வண்டி ஓட்ட முடியாமல் போனவர்கள் ஈ ஓட்டுகிற இடம்.

நேரே உன் பட்டறைக்குத்தான் வந்தேன். நீ சேலத்து வேதக்காரன், கிறிஸ்தவன். லாரிக்கு மரத்தில் பாடி கட்டும் வேலை பழகிக்கொண்டு நாமக்கல்லில் வந்து குடியேறியவன். எங்கள் முதலாளியின் பழைய வண்டிகளுக்கெல்லாம் மர வேலை உன் கைதான். வாரா வாரம் பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு உன்னோடு டீ குடித்தபடி ஊர்க்கதை பேசுவதுதான் எனக்கு இருந்த ஒரே ஓய்வு. நடந்ததைச் சொன்னதும் நீ சிரிக்கவில்லை. அதற்காகவே உன்னைப் பிடித்திருந்தது.

"நாளையில இருந்து எங்களுக்குத் தபசுகாலம் டிரைவரே. பாஸ்கா திருநாள் வரைக்கும் நாப்பது நாளு நான் கறி தொட மாட்டேன். நீயும் கூட வந்துரு" என்றாய்.

"நான் எதுக்குய்யா உங்க தபசுக்கு வாரேன்? எங்கூட்டு சாமி கோவிச்சுக்கும்" என்றேன்.

"தொப்பைக்கு ஏது டிரைவரே வேதம்?" என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆனால் சொன்னதோடு நீ நிற்கவில்லை. விடியும் முன்னால் கமலாலயக் குளத்தங்கரைக்கு வந்து எனக்காக நிற்பாய். குளத்தைச் சுற்றி நடப்போம். பிறகு கோட்டைப் படியில் ஏறுவோம். பாதியில் நான் உட்கார்ந்துவிடுவேன், மூச்சு நாயாய் இரைக்கும். நீயும் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் முட்டி வலிக்குது, இரு" என்பாய். உனக்கு ஏது முட்டி வலி? குச்சி மாதிரி இருந்தவன் நீ. வீட்டில் கொள்ளு ரசமும் களியும் கொடுத்தனுப்பினால் நீயும் அதையே தின்பாய். எனக்காக யாரும் அப்படி ஒரு வேளைச் சோற்றை விட்டது கிடையாது. இதை நான் மறைக்கப் போவதில்லை.

இளைத்தேனா இல்லையா என்று பார்க்க நீதான் ஒரு வழி சொன்னாய். மெல்லிசாக ஒரு ரீப்பர் கட்டையை அறுத்து வந்து, உன் பட்டறையில் பழுதுக்கு நின்ற என் பழைய வண்டியின் சீட்டில் என்னை ஏற்றி, ஸ்டேரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே விட்டுப் பார்ப்பாய். "இது நொழைஞ்சா ஜெயிச்ச மாதிரி" என்றாய். முதல் வாரம் அது நுழையவே இல்லை. வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, படியேறி, எல்லாம் செய்தும் ஒரு கட்டை நுழையவில்லை. ஸ்டேரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு நான் அழுதேன். "என்னால ஆகாதுப்பா. கெடங்குக்கே போயர்றேன்" என்றேன். நீ கட்டையைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

அடுத்த வாரம் நுழைந்துவிட்டது.

அடடா, அன்றைக்கு நான் போட்ட கூத்து! கீழே குதித்து உன்னைத் தூக்கிச் சுற்றினேன். "பாத்தியா! பாத்தியா!" என்று நீயும் கத்தினாய். அப்புறம் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கனமான கட்டையாக அறுத்துக்கொண்டு வந்தாய். ஒவ்வொன்றும் நுழைந்தது. பிரேக்கை மிதிக்கக் கால் எட்டவில்லையே என்று ஒரு நாள் கேட்டேன். "தொடைச் சதை கரையுதில்ல, அதான் கால் எட்டாத மாதிரி இருக்குது. பழகிரும்" என்றாய். அதையும் நம்பினேனே! ஊரெல்லாம் ரோடு தெரிந்தவன், என் காலின் நீளம் எனக்குத் தெரியவில்லை. நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற அளவுக்கு உன்னிடம் என்னைக் கொடுத்து வைத்திருந்தேன்.

பாஸ்கா வந்தது, போனது. கோழிக் குழம்பு ஊற்றிய உன் வீட்டு விருந்தில் நானும் ஒரு கை பார்த்தேன். மல்லசமுத்திரத்தில் மாமன் வீட்டுக் கிடாவெட்டுக்குப் போய் இரண்டு பந்தியிலும் உட்கார்ந்தேன். ஏன் உட்கார மாட்டேன்? கட்டைதான் தாராளமாய் நுழைகிறதே! நடையும் குறைந்தது. "டிரைவரே, இன்னும் கொஞ்ச நாள் வாயக் கட்டேன்" என்று நீ இழுத்தாய். "அட, எடமிருக்குதுய்யா" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினேன். நீ அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அப்போது திறந்திருந்தால்கூட நேரம் இருந்தது.

புது வண்டிக்குப் பாடி கட்டியது நீ அல்ல. முதலாளியின் சம்பந்திக்குச் சேலத்தில் பட்டறை இருந்தது, அங்கே கட்டினார்கள். பூசைக்கு நாள் பார்த்து வண்டி ஆபீஸ் வாசலுக்கு வந்தது. மாலை போட்டு, தேங்காயும் பூசணிக்காயும் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முதலாளி தட்டில் சாவியை வைத்து எல்லோர் முன்னாலும் என்னிடம் நீட்டினார். என் மனைவியும் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினேன்.

உட்கார முடியவில்லை. மூச்சைப் பிடித்து வயிற்றை எக்கி நுழைந்தேன். மூச்சை விட்டதும் ஸ்டேரிங் வயிற்றுக்குள் பதிந்தது. திருப்பினேன், சட்டைப் பொத்தான் அறுந்து கீழே விழுந்தது. கூட்டத்தில் யாரோ "டேங்கர்!" என்றார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். என் மூத்தவள் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்தாள். முதலாளி கையை நீட்டிச் சாவியை வாங்கி, பக்கத்தில் நின்ற ராசிபுரத்து டிரைவரிடம் கொடுத்தார். தேங்காய் மூடியின் தண்ணீர்கூடக் காயவில்லை.

பழைய வண்டி உன் பட்டறையில் நின்றது. வந்தேன், ஏறி உட்கார்ந்தேன். ஸ்டேரிங்குக்கும் எனக்கும் நடுவே ஒரு பிள்ளையை உட்கார வைக்கலாம். இறங்கி, தேங்காய் நார் மெத்தையைப் பிடுங்கி எறிந்தேன். அடியில் சட்டத்தில் பழைய திருகாணி ஓட்டைகள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாய், வாரா வாரம் பின்னால் போயிருந்தன. கடைசி ஓட்டையில் திருகாணி புதிதாய் மின்னியது. நீ கையில் உளியோடு எனக்குப் பின்னால் நின்றாய்.

"மொத வாரம் நீ அழுதியே டிரைவரே. உட்டுட்டுப் போயிருவேன்னியே. ஒரு விரக்கடைதான் தள்ளுனேன். நீ சிரிச்சே. அந்தச் சிரிப்பப் பாத்த பொறவு என்னால நிறுத்த முடியல" என்றாய். உன் கண்ணெல்லாம் தண்ணீர்.

"எங்கிட்டச் சொல்லோணும்னு தோணலையாய்யா உனக்கு?"

நீ தலையைக் குனிந்துகொண்டு சொன்னாய்: "மனசு உறுத்துச்சு. பாஸ்காவுக்கு முன்னாலயே பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டச் சொல்லிட்டேன். ஆண்டவர் மன்னிச்சிட்டாரு."

அதுதான். இன்றைக்கும் எனக்கு ஆறாதது அந்தச் சொல்தான். சீட்டைத் தள்ளினாயே, அதைக்கூட விட்டிருப்பேன். மரப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சாமியாருக்குத் தெரியும். ஆண்டவருக்குத் தெரியும். மன்னிப்பும் வாங்கியாகிவிட்டது. வயிறு என்னுடையது, வண்டி என்னுடையது, மானம் என்னுடையது. எனக்கு மட்டும் தெரியாது. அந்த விருந்தில் என் இலையில் கோழியை அள்ளி வைத்தபோதே உனக்குப் பாரம் இறங்கியிருந்தது. "உங்க ஆண்டவர் மன்னிச்சாரே, என்னைய ஒரு வார்த்தை கேட்டாரா?" என்றேன். உன்னிடம் நான் பேசிய கடைசி வார்த்தை அது.

கிடங்கில் மூட்டை பார்க்கச் சொன்னார்கள். நான் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை, தோளில் ஏற்றிச் சுமந்தேன். களியைத் தவிர வேறு தொடவில்லை. விடியற்காலையில் தனியாகக் குளத்தைச் சுற்றினேன். முதல் நாளே பார்த்துவிட்டேன், எதிர்க்கரையில் நீயும் நடந்துகொண்டிருந்தாய். நான் நின்றால் நின்றாய், நடந்தால் நடந்தாய். கிட்டே வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் முன்னால் மூச்சு வாங்கி உட்காரக் கூடாது என்பதற்காகவே கோட்டைப் படியை நிற்காமல் ஏறினேன். உண்மையில் என்னை இளைக்க வைத்தது கொள்ளும் இல்லை, தபசும் இல்லை. உன் மேல் இருந்த ஆத்திரம். மழையிலும் நீ வந்தாய். நானும் வந்தேன். வேட்டி இடுப்பில் நிற்கத் தொடங்கியது. கால் தெரிந்தது.

ராசிபுரத்துக்காரன் சொந்த வண்டி எடுத்துக்கொண்டு போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டு, அதே வண்டியில் ஏறச் சொன்னார். ஏறினேன். ஒரு பலகையும் நகர்த்தவில்லை, ஓர் ஆணியும் கழற்றவில்லை. ஸ்டேரிங் முழுச் சுற்றும் தாராளமாய்ச் சுற்றியது. உன் பட்டறை வாசலைத் தாண்டித்தான் ஓட்டிக்கொண்டு போனேன். நீ வெளியே ஓடி வந்து கையைத் தூக்கினாய். நான் ரோட்டைப் பார்த்தேன்.

இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று இருந்தேன். கோபத்துக்கு அவசரம் என்ன? உனக்குக் காமாலை என்று கேள்விப்பட்டபோது நான் பெங்களூரில் இருந்தேன். திரும்பி வருவதற்குள் சேலத்தில் அடக்கம் முடிந்திருந்தது.

உன் மாமனார் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி காபி கொண்டுவந்து வைத்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். "அண்ணா, நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்து பேசினீங்களாம். பழசையெல்லாம் மறந்துட்டு, கையப் புடிச்சுட்டு அழுதீங்களாம். நான் சோறாக்கப் போயிருந்த நேரம் பாத்து வந்துட்டுப் போயிட்டீங்கன்னு சொன்னாரு. அதுக்கப்புறம் ரெண்டு நாளும் மொகத்துல அப்படி ஒரு தெளிவுங்கண்ணா. நிம்மதியாத்தான் போனாரு" என்றார்.

நான் எங்கே வந்தேன்? எந்த ஆஸ்பத்திரி? எந்தக் கை?

உன் மனைவி என் முகத்தையே பார்த்தார். காபி ஆறிக்கொண்டிருந்தது. "ஆமாங்கம்மா" என்றேன். "வந்தனுங்க. பேசிட்டமுங்க."

இன்றைக்கும் நான் விடியலில் நடக்கிறேன். அரை வயிறுதான் சாப்பிடுகிறேன். அது நீ கொடுத்ததுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதோடு சேர்த்து அந்த "ஆமாங்கம்மா"வையும் சுமக்கிறேன். திருநாளுக்கு உன் மனைவியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ஆஸ்பத்திரிக் கதையை மறுபடி கேட்கிறார், நானும் மறுபடி சொல்கிறேன். இப்போது நீ என்ன உடுத்தியிருந்தாய் என்பதுகூட என் கதையில் வந்துவிட்டது. அவர் நம்பட்டும்.

நீ மட்டும் நம்பிவிடாதே. நான் வரவில்லை. நாம் இன்னும் பேசவில்லை.