தடுப்பின் இருபுறம்

6 ஆகஸ்டு 2024, செவ்வாய்

"சாலைக் கடைவீதியின் உழைக்கும் மக்களே! தம்பானூர் விடுதிகளின் அடுக்களையில் நாள்தோறும் வெந்துகொண்டிருக்கும் என் உடன்பிறப்புகளே! ஓர் இளைஞனின் வலச்செவி இன்று கேட்கவில்லை. நோயினால் அன்று, மக்களின் வரிப்பணத்தில் வளர்ந்த ஒரு கையினால்."

நாளை மறுநாள் காவல் நிலையம் நோக்கிய பேரணியில் இப்படித் தொடங்கலாமென்று எழுதியிருக்கிறேன். 'உண்டு கொழுத்த கை' என்றால் கூட்டம் எழும். ஆனால் மகாராஜா அங்கே நிற்பான். அவன் முகத்துக்கு முன் அடுக்குமொழி கூசுகிறது.

மகாராஜா பிழைப்புக்காக இந்த மலையாள நகருக்கு வந்தவன், தம்பானூர் விடுதியொன்றில் பரோட்டா மாஸ்டர். அங்கே தங்கியிருந்த ஒருவரின் பை காணாமற்போனது. விசாரணை என்று இவனை அழைத்துச் சென்றார்கள். உதவி ஆய்வாளர் அறைந்தார், செவிப்பறை கிழிந்தது. மறுநாள் அந்தப் பை உரியவரின் மைத்துனர் காரிலேயே கிடைத்தது. வருத்தம் தெரிவிக்க ஒருவரும் வரவில்லை. நாங்கள் முறையீடு கொடுத்தோம். அதைத் தொட்டுப் பார்க்கவும் ஒருவரும் இல்லை.

அவன் தாய் மாடம்மாள் வள்ளியூரிலிருந்து வந்து எங்கள் தொழிலாளர் சங்க அறையில் தங்கியிருக்கிறார். பேரணியென்றால் என்னவென்று கேட்டார். "எல்லாரும் சேர்ந்து போய்க் கேப்போம்" என்றேன். "கேட்டா சொல்லுவாவளா?" என்றார்.

7 ஆகஸ்டு, புதன்

உளவுப்பிரிவுக் காவலர் பிஜு காலையிலேயே அழைத்தார். நகரில் எந்தப் பேரணி என்றாலும் முதல் அழைப்பு அவருடையதுதான்.

"டீச்சரே, நாளைக்கு எத்தனை ஆளு வரும்? உத்காடனம் டீச்சர் தன்னே அல்லே?"

"நானேதான் தொடங்கி வைக்கிறேன். எண்ணூறு பேர்."

"அப்போ இருநூறுன்னு எழுதிக்கிடட்டே?"

சிரித்துவிட்டேன். இருபது ஆண்டுப் பழக்கம். காவலர் வைக்கும் இரும்புத் தடுப்புவரை நடப்போம், அங்கே நான் பேசுவேன், இளைஞர்கள் சற்று உந்தித் தள்ளுவார்கள், தண்ணீர் பீய்ச்சினாலும் பீய்ச்சுவார்கள், சாலையில் அமர்ந்து முழக்கமிட்டுக் கலைவோம். எங்கே நிற்பது என்பது இருதரப்புக்கும் தெரியும்.

என் மகள் ஆதிரா மகளிர் காவற்படையில் சேர்ந்த நாளில் எங்களுக்குள் ஓர் உடன்பாடு: என் மேடையும் அவள் பணியும் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. மீன்காரி ரத்னாபாய் எங்களைக் கண்டால் விடமாட்டாள். "ஒரே வீட்டுல ரெண்டு பார்ட்டி. ஒண்ணு மைக்கு, ஒண்ணு லாத்தி. மீனு மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே சட்டியில."

இன்று மட்டும் ஆதிரா அந்த உடன்பாட்டை மீறினாள். "அந்த அம்மாவைப் பின்னாலே நிறுத்தும்மா. அவங்களுக்கு இதொண்ணும் மனசிலாகாது."

"முன்வரிசையில் பாதிக்கப்பட்டவரின் தாய் நிற்பதுதான் முறை" என்றேன்.

8 ஆகஸ்டு, வியாழன்

எழுத முடியவில்லை. மாடம்மாள் மருத்துவமனையில்.

9 ஆகஸ்டு, வெள்ளி

எழுதித்தான் ஆகவேண்டும்.

தடுப்புக்கு முன் நின்று பேசினேன். குரல் நன்றாகவே எழுந்தது. "இந்த இரும்பு நம்மை நிறுத்துமா? ஏறுவோம்! கடப்போம்! அவர்கள் முகத்துக்கு நேரே கேட்போம்!" கைதட்டல். எவரும் அசையவில்லை. அசையமாட்டார்கள். அது மேடைச் சொல் என்று சாலையில் சுமை தூக்குபவரும் அறிவார், எதிரே நின்ற காவலரும் அறிவார்.

மாடம்மாள் அறியமாட்டார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார். ஏறச் சொன்னவள் நான்; ஆகவே ஏறினார். உச்சிக்கம்பியில் ஒரு காலை மறுபுறம் போட்டபோது, தலைக்கவசம் அணிந்த ஒரு பெண் காவலர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். அப்புறம் தரையில் விழுந்த ஓசை.

தலைக்கவசம் முகத்தை மறைத்தால் என்ன? அந்தத் தோளையும் அந்த நிற்கும் முறையையும் பெற்றவளுக்குத் தெரியாதா?

இடக்கை மணிக்கட்டு இரண்டாக முறிந்திருக்கிறது. கட்டிலருகே உட்கார்ந்து, "ஏம்மா ஏறுனீங்க?" என்று கேட்டேன்.

"நீங்கதான ஏறச் சொன்னிய, டீச்சரம்மா."

குற்றஞ்சாட்டும் குரலே இல்லை. நான் கேட்டேன், அவர் விடை சொன்னார். அவ்வளவுதான்.

வீடு திரும்பினால் ஆதிரா சோறு போட்டு வைத்திருந்தாள். கையில் கட்டு. நான் தொடவில்லை. அவளையும், சோற்றையும்.

12 ஆகஸ்டு, திங்கள்

வழக்குப் பதிந்துவிட்டார்கள். வழக்கறிஞர் ஜெஸி படித்துக் காட்டினாள். பணியைத் தடுத்தல், பெண் காவலரைத் தாக்கிக் காயப்படுத்தல். முதல் எதிரி மாடம்மாள். இரண்டாம் எதிரி செண்பகவல்லி, அதாவது நான். காயப்பட்டவர் ஆதிரா.

"டீச்சரோட மோள்தானே?" என்று ஜெஸி தாழ்ந்த குரலில் கேட்டாள். "மோளோட மொழிதான் இந்தக் கேஸு. அது எப்படின்னு அறிஞ்சா நல்லது."

மொழி என்றால் இவ்வூரில் வாக்குமூலம். பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அடித்தானாம். செவிடாக்கினானாம். அதைக் கேட்கப் போன கிழவி குற்றவாளியாம். என் வயிற்றில் பிறந்தவள் சாட்சியாம். என்ன ஊருடா இது.

15 ஆகஸ்டு, வியாழன்

தெருமுனையில் கொடியேற்றினார்கள். அது முடிந்ததும் பிஜு வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார்.

"டீச்சரே, நான் வெறும் தபால்காரன். மேலே சொன்னதைச் சொல்லுறேன். பையன் பராதியைப் பின்வலிச்சா அம்மா மேலே உள்ள கேஸு நிக்காது. டீச்சர் மேலே உள்ளதும்."

"முறையீட்டைத் திரும்பப் பெறாவிட்டால்?"

"அந்தம்மா மாசாமாசம் வள்ளியூர்லேருந்து கோடதிக்கு வரணும். லேடி கான்ஸ்டபிளோட மொழி ஸ்ட்ராங்கா இருக்குன்னு கேட்டேன்."

"யாரிடம் கேட்டீர்?"

அவர் கொடிக்கம்பத்தைப் பார்த்தார். "சாயா வேண்டாம் டீச்சரே" என்று, நான் கொடுக்காததை மறுத்துவிட்டுப் போனார்.

16 ஆகஸ்டு, வெள்ளி

மாடம்மாளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"நான் செயிலுக்குப் போவணுமா?"

"உறுதியாகச் சொல்ல முடியாதும்மா."

"அந்தப் போலீஸ்காரப் பிள்ள நான் அடிச்சேன்னா சொல்லியிருக்கு? நான் அடிக்கல. விழுந்துராம இருக்கணும்னு அது கையத்தான் புடிச்சேன். அந்தப் பிள்ள என்ன எழுதிக் குடுத்திருக்குன்னு ஆருட்டயாவது கேட்டுப் பாக்க முடியாதா, டீச்சரம்மா? அடிச்சேன்னு எழுதலன்னு தெரிஞ்சா போதும். எம்புட்டு நாளானாலும் இங்க கெடப்பேன்."

பக்கத்தில் மகாராஜா இடச்செவியை எங்கள் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பார்க்கிறேன்" என்றேன். அந்தப் பிள்ளை யாருடைய பிள்ளை என்பதை நான் சொல்லவில்லை.

17 ஆகஸ்டு, சனி

ஆதிரா அடுத்த அறையில் இருந்தாள். நான் கேட்கவில்லை.

19 ஆகஸ்டு, திங்கள்

அடுக்களையில் வழுக்கி விழுந்து கல்லின் விளிம்பில் காது மோதியது என்று மகாராஜா எழுதிக் கொடுத்துவிட்டான். "எங்கம்மா கோர்ட்டு வாசல்ல நிக்கதுக்குப் பதிலா என் காது போனது போவட்டும்" என்றான்.

தம்பானூரில் இருவரையும் வண்டியேற்றிவிட்டேன். மாடம்மாள் முறியாத கையால் என் கன்னத்தைத் தொட்டு, "நீங்க நல்லாப் பேசுனிய" என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீடு திரும்பும் வழியில் ஓர் ஐயம் எழுந்தது, அடங்க மறுக்கிறது. பிஜு சொன்ன அந்த விடுதலையில் என் பெயரும் இருந்ததே. அதனால்தான் கேட்கவில்லையோ? இல்லை. பெற்ற மகளின் வாயிலிருந்து 'ஆமாம், அடித்தார் என்றுதான் சொன்னேன்' என்று கேட்க அஞ்சினேன். இரண்டில் எது இழிவு?

23 ஆகஸ்டு, வெள்ளி

ஆதிரா பணிக்குப் போகாமல் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான்தான் முதலில் பேசினேன், இத்தனை நாளில்.

"எங்கே?"

"மலப்புறம் கேம்ப். டிரான்ஸ்பர்."

"ஏன்?"

"அந்த அம்மா என்னை அடிக்கல, விழாம இருக்க என் கையைப் பிடிச்சாங்க, நான் இழுத்ததுலேதான் விழுந்தாங்கன்னு மொழி கொடுத்தேன். கையிலே பட்டது தடுப்புச் சங்கிலி. மாத்தி எழுதித் தரச்சொன்னாங்க. மாட்டேன்னேன். அதுக்கு."

"எப்போது கொடுத்தாய்?"

"ரெண்டாம் நாளே. பத்தாம் தேதி."

"என்னிடம் ஏன்டி சொல்லல?"

"வீட்டுக்குள்ளே கொண்டுவரக்கூடாதுன்னு நீதானேம்மா சொன்னே?" துணியை மடித்தபடியே பேசினாள். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ என் மூஞ்சியைக்கூடப் பார்க்கல்ல. பதினஞ்சு நாளா இந்த வீட்டுலே நான் போலீஸு மட்டும்தான்."

ஆயிரம் பேருக்கு முன் தாளின்றிப் பேசுவேன். அவள் பெட்டியை மூடும்வரை நின்றுகொண்டிருந்தேன்.

24 ஆகஸ்டு, சனி

ஜெஸியிடம் போனேன். ஆதிராவின் வாக்குமூலம் அப்படியென்றால், மாடம்மாளுக்குக் காட்டிய தாக்குதல் வழக்கு நிற்காது, வெறும் மிரட்டல் என்கிறாள். மகாராஜா நேரே நீதிபதி முன் வந்து, அஞ்சிக் கையெழுத்திட்டேன் என்று சொல்லவேண்டும். அறைந்தவர் பெயரையும் சொல்லவேண்டும். "கடினமாணு டீச்சர். ஆனாலும் வழியுண்டு. தாமதிச்சா அதுவும் இல்லே."

மாடம்மாளை அழைத்தேன். அவர் முழுவதும் கேட்கவில்லை. "போதும், டீச்சரம்மா" என்று வைத்துவிட்டார். பிறகு எடுக்கவேயில்லை.

ஆதிரா உடனே மலப்புறம் போகாமல், தனக்கு மிஞ்சியிருந்த விடுப்பை எழுதிக் கொடுத்திருக்கிறாள். "நானும் வாறேன். அவங்க முகத்தைப் பார்த்து நான்தான் சொல்லணும்."

28 ஆகஸ்டு, புதன். வள்ளியூர்

நெடுஞ்சாலையோரம் தகரக் கொட்டகைக் கடை. மகாராஜா மாவு பிசைந்துகொண்டிருந்தான். மாடம்மாள் மாவுக்கட்டுக் கையோடு இலை துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார். என்னைத் தாண்டி ஆதிராவைப் பார்த்தார். சீருடை இல்லாமலும் அடையாளம் தெரிந்திருக்கிறது.

"என் மகள்" என்றேன்.

ஆதிரா, "நான்தான் இழுத்தேன், அம்மா. நீங்க அடிக்கல்லன்னு எழுதிக் கொடுத்திருக்கேன்" என்றாள்.

"எப்ப?"

"நீங்க விழுந்து ரெண்டாம் நாளு."

மாடம்மாள் மெல்ல என் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேரும் ஒரே வீட்டுலயா இருந்திய?"

ஆம் என்றேன். அவர் மீண்டும் இலை துடைக்க உட்கார்ந்துவிட்டார். ஆதிரா கீழே அமர்ந்து அடுத்த இலையை எடுத்தாள். அவர் தடுக்கவில்லை.

மகாராஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மாவிலிருந்து தலை நிமிரவில்லை. வலப்பக்கம் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. அடுப்பைச் சுற்றி மறுபுறம் போய், அவன் இடச்செவியருகே சொன்னேன்:

"மாவ மூடி வை, மகாராஜா. கையக் கழுவு. நாளைக்குக் கோர்ட்டு திறக்கும்போது நாம நாலு பேரும் அங்க நிக்கணும். இப்பவே கிளம்பு."