அத்தைக்கு மாலை போட்ட சங்கம்

என் கொடிக்கார அப்பாவுக்கு,

முதலில் ஒன்று. மேலுலகத்தில் அத்தையைத் தேடாதீர்கள், அவர் இன்னும் வரவில்லை. உங்கள் சங்கம் அடித்த பதாகையைப் பார்த்து நீங்கள் குழம்பிவிடக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

உங்கள் தங்கை மலையில், விளக்கமறியல் சிறையில் இருக்கிறார். தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது ஏன் எடையை வெட்டுகிறீர்கள் என்று கேட்டுத் தோட்டத்துத் துரையின் வாகனத்தை மறித்த பெண்களில் அவரும் ஒருவர். நீதிமன்றம் பிணை கொடுத்துவிட்டது. ஆனால் கையெழுத்து வைக்க இரண்டு பேர் வேண்டும். தோட்டத்தில் எவராவது வைத்தால் வேலை போகும் என்று துரையின் ஆட்கள் தொழிலாளர் குடியிருக்கும் லயன் லயனாகப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா ஒரு ஆள். மற்ற ஆள்?

உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள், அப்பா. துறைமுகத்துக்காரர், வாழைத்தோட்டத்துக்காரர், தாதிமார் என்று எந்தெந்த நாட்டுச் சங்கங்களோ அத்தையின் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்துப் படம் அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். சிரித்தேன். பிறகு போனைத் திருப்பிப் பிடித்து அத்தையின் பெயரை வாசித்தேன்.

நம் ஆட்களும் சும்மா இருப்பார்களா? நீங்கள் சட்டி கழுவிக்கொண்டே சங்கம் தொடங்கிய அதே பாசிக்குடா ஹோட்டலில் கண்டனக் கூட்டம் வைத்தார்கள். கண்டதையும் தின்னும் கூட்டம் என்று திருத்தி வாசியுங்கள். மேடையில் அத்தையின் படம். பதாகைக் கடையில் அவசரத்துக்குக் கண்ணீர் அஞ்சலி மாதிரியையே போட்டுவிட்டார்கள். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, முகத்தைச் சுற்றி மாலை.

"அத்தை உசிரோட இருக்கா" என்றேன், உங்களுக்குப் பிறகு தலைவரானவரிடம்.

"படம் வடிவா இருக்குத்தானே, விடுடா தம்பி" என்றார், வாயில் கணவாய்ப் பொரியலோடு.

ஒரு வெளிநாட்டுச் சங்கத்திலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார், அவரும் தோட்டத்தில் வேலை செய்தவராம். அவருக்கு நன்றி சொல்லச் சொல்லி என்னிடம் மைக்கைத் தந்தார்கள். என்னிடம் மைக்! அது அவர்கள் செய்த பிழை.

"அத்தையப் பிணை எடுக்க ஆள் வேணும். ஆர் வாறீங்க?" என்றேன்.

பிணை என்றதும் மேடை முழுக்கப் பிணம். ஒருவர் இறால் ஓட்டை ஆராய்ந்தார். இன்னொருவருக்கு அடிக்காத போன் அடித்தது. அந்த அக்காவுக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் உடனே பேனாவை எடுத்தார். வெளிநாட்டவர் கையெழுத்து செல்லாது என்றார்கள். எனக்குப் பதினாறு வயது, என்னுடையதும் செல்லாது. செல்லாத நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். செல்லக்கூடிய கைகள் எல்லாம் சோற்றுக் கோப்பையில் இருந்தன.

"சட்டச் சிக்கல் இருக்கு மனே, மறுகா பேசுவம்" என்றார் தலைவர்.

"நான் வாறன்."

முன்வரிசையில் இருந்த தலைவரின் மனைவி. குருக்கள்மடத்து டீச்சர் மாமி.

"நீ இரு கா!" என்று தலைவர் மாமியை அதட்டினார்.

"இருந்து இருந்து கால் விறைச்சுப் போச்சு. இந்தப் பொடியன்ட தகப்பன் இருந்தா இப்படிக் கேக்க வெச்சிருப்பாரா? மனே, அம்மாட்டச் சொல்லு, விடிய பஸ்ஸுக்கு நிக்கிறன்."

இதை எழுதும் நேரம் அம்மாவும் மாமியும் மலைக்குப் போகும் பஸ்ஸில். தலைவர் வீட்டில் படுத்துக்கொண்டு, 'எமது சங்கமே பிணை நிற்கிறது' என்று போனில் பதிவு போட்டிருக்கிறார். மாமியின் பெயர்கூட அதில் இல்லை. அருவருப்பாக இருக்கிறது, அப்பா. இந்த ஆளுக்கா நீங்கள் கொடி பிடிக்கப் பழக்கினீர்கள்?

அத்தை வெளியே வந்ததும் அவரைப் படம் எடுத்து, அட்டை பிடித்த அத்தனை பேருக்கும் அனுப்புவேன். அந்தப் படத்துக்குள் தலைவரின் மூக்கு நுனிகூட நுழையாது. இது சத்தியம்.

உங்கள் வால்,
கடைசி மகன்