பார்த்தவள் ஒருத்தி

மே 4

அன்புள்ள வாலுக்கு,

நலமா? உள்ளே இருக்கும் குட்டி வாலும் நலமா? ஏழாம் மாதத்தில் ஸ்டூல் போட்டு ஏறிப் பரண் துடைத்தாய் என்று மாப்பிள்ளை போனில் போட்டுக்கொடுத்துவிட்டார். நேரில் வந்து காதைத் திருகுகிறேன்.

என் புத்தகம் ஒருவழியாக வந்துவிட்டது. அனுப்பியிருக்கிறேன். ஊர் ஊராக அலைந்து, "பிரசவத்தப்போ உங்க கூட யார் இருந்தாங்க?" என்று பெண்களைக் கேட்டுக் கேட்டுத் தொண்டை போனதுதான் மிச்சம் என்று நினைத்திருந்தேன். ஒரு பெண் யாரைத் தன் மனிதர் என்று நினைக்கிறாள் என்பது அந்த அறையில்தான் தெரிகிறது. அதைத்தான் முன்னூறு பக்கத்துக்கு நீட்டியிருக்கிறேன்.

நான்காம் அத்தியாயத்தில் நீயும் இருக்கிறாய். "என் கதையையும் எழுதிக்கோ, ஆனா நான்னு தெரியக் கூடாது" என்று சொன்னாய் அல்லவா? எங்கள் ஆராய்ச்சித் துறையிலும் அதுதான் விதி. கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற உன்னைத் தையல்காரி ஆக்கினேன். லாரி ஓட்டுகிற மாப்பிள்ளை குமாஸ்தா ஆகிவிட்டார். அவரே படித்தாலும் யாரோ என்றுதான் நினைப்பார்.

ஜூலையில் லீவு சொல்லிவிட்டேன். போன பிரசவம் மாதிரியே இதற்கும் உன் பக்கத்தில் நான்தான். இந்தத் தடவை மூன்று பேராக வீட்டுக்கு வருவோம்.

உன் அக்கா

மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தகம் கிடைத்தது. கடையில் வைத்தே பிரித்தேன். ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவளுக்கு நல்ல பிழைப்பு தேடிக் கொடுத்திருக்கிறாய். நான் சிரித்த சிரிப்பில் வாடிக்கையாளர் பயந்துவிட்டார்.

அப்புறம் அந்த வரி வந்தது. 'பிரசவ அறையில் அவளுடன் யாருமே இல்லை.'

அக்கா, நீ இருந்தாய். காலையிலிருந்து என் நகம் உன் கையைக் கிழித்துக்கொண்டிருந்தது. அவள் பிறந்தாள், அழவில்லை. "ஏங்கா அழ மாட்டேங்குது?" என்று கேட்டேன். எனக்குத் தூக்க ஊசி போட்டார்கள். நீ அவளைத் துடைத்துத் துணியில் சுற்றினாய். அந்த வெள்ளைத் துணிதான் எனக்குத் தெரிந்தது. அவர் லாரியைப் போட்டுவிட்டு ஓடி வருவதற்குள் புதைத்தும் ஆகிவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தவள் நீ ஒருத்திதான். நீயும் அங்கே இல்லை என்று அச்சில் போட்டுவிட்டால், அவள் வந்து போனதற்கு யார் சாட்சி?

கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வயிறு எரிகிறது.

தங்கை

மே 27

அன்புள்ள வாலுக்கு,

'வால்' என்று போடாமல் 'தங்கை' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அதற்குப் பதில் நாலு வசவு எழுதியிருக்கலாம்.

பக்கத்தில் அக்கா இருந்தாள் என்று எழுதியிருந்தால், நம் சொந்தபந்தமெல்லாம் அந்த நிமிஷமே மோப்பம் பிடித்திருக்கும். அவர்கள் மூக்கு உனக்குத் தெரியாதா? உன்னை மறைக்க என்னைத்தான் முதலில் வெட்ட வேண்டியிருந்தது. அந்த அத்தியாயமே துணையில்லாமல் தனியாகப் பிள்ளை பெற்றவர்களைப் பற்றியது, வெட்டியதும் உன் கதை அதில் பொருந்திப்போயிற்று. அதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது சரியாகத்தான் பட்டது.

அடுத்த பதிப்பு வந்தால் மாற்றச் சொல்கிறேன். வாய் வலிக்கத் திட்டு. பேசாமல் மட்டும் இருக்காதே.

உன் அக்கா

ஜூன் 6

அக்காவுக்கு,

உன் நியாயம் புரிகிறது. புத்தகத்தை மாற்றினாலும் சரி, மாற்றாவிட்டாலும் சரி. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் எப்படி இருந்தாள்?

முடி இருந்ததா? என்ன நிறம்? விரல் அவர் மாதிரி நீளமா? இத்தனை நாள் கேட்கத் தைரியம் வரவில்லை. நீயாகச் சொல்வாய் என்றும் இருந்தேன். இந்தக் குழந்தை உதைக்கிற ஒவ்வொரு தடவையும் அவள் ஞாபகம் வருகிறது. ஞாபகத்தில் முகம் இல்லை. இது வருவதற்குள் அவளை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

புத்தகத்தில் ஆண் பிள்ளை, சுருட்டை முடி என்று எழுதியிருக்கிறாய். அது தையல்காரியின் பிள்ளை. என் பிள்ளையை எழுது.

தங்கை

ஜூன் 20

என் வாலுக்கண்ணுக்கு,

எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். அழகாக நாலு வரி எழுதி உன்னைச் சமாதானப்படுத்தியிருக்க முடியும். உன்னிடம் அதைச் செய்ய மனசு வரவில்லை.

எனக்குத் தெரியவில்லையடி. அன்றைக்கு நன்றாகத்தான் பார்த்தேன். அப்புறம் புத்தகத்துக்காக அவளை மாற்ற ஆரம்பித்தேன். ஒரு தடவை முடியை அடர்த்தியாக்கினேன், இன்னொரு தடவை சுருட்டையாக்கினேன், நிறத்தை மாற்றினேன். படிப்பவர்கள் நம்ப வேண்டுமே என்று கண்ணை மூடி அந்தப் பையனையே பார்த்துப் பார்த்து எழுதினேன். இப்போது கண்ணை மூடினால் அவன்தான் வருகிறான். முதலில் எழுதிய குறிப்புகளைத் தேடலாம் என்றால், புத்தகம் வந்ததும் அவற்றை அழித்துவிட வேண்டும் என்பது விதி. ஒழுங்காக அழித்துவிட்டேன்.

துணியில் சுற்றும்போது அவள் உடம்பில் சூடு இருந்தது. அது மட்டும் என் கையில் இருக்கிறது. அதை நான் எங்கேயும் எழுதவில்லை.

ஜூலை பன்னிரண்டாம் தேதிக்கு ரயில் டிக்கெட் எடுத்திருக்கிறேன். வரட்டுமா?

அக்கா

ஜூலை 9

அக்காவுக்கு,

குழந்தை முந்திக்கொண்டு வந்துவிட்டது. பெண். ஆஸ்பத்திரியே அதிர அழுதாள். அவர் கூட இருந்தார். பாதியில் மயக்கம் போட்டு விழுந்து நர்சுகளுக்கு இன்னொரு வேலை வைத்தார்.

டிக்கெட்டை ரத்து செய்துவிடு. உன்னை வெறுக்கவில்லை. அந்தச் சூட்டைச் சொன்னாயே, அதற்காக ரொம்ப நேரம் அழுதேன். ஆனால் நீ வந்து இவளைத் தூக்கினால் நான் இவளைப் பார்க்க மாட்டேன், உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன், ஏதாவது ஞாபகம் வருகிறதா என்று. நானாக எழுதும்வரை எழுதாதே.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "யாரு ஜாடை?" என்று கேட்கிறார்கள். அவர் தன் மூக்கு என்கிறார். மாமியார் தன் நெற்றி என்கிறார். "முன்னாடி பொறந்தவ ஜாடை" என்று எனக்கு வாய் வரை வருகிறது. சொன்னால், ஆமாம் என்று சொல்ல ஆளில்லை.

தங்கை