உருளைக்கிழங்கு வெந்த தண்ணீர்

மாப்ளே,

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எல்லாம் என் மகள் அடுப்பில் ஏற்றிய ஒரு சட்டிக் கறியால் வந்தது. அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிறவள் லீவில் சங்ககிரிக்கு வந்திருக்கிறாள். அந்த ஊர்ச் சமையலைச் செய்து காட்டுகிறேன் என்று ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம், ஒரு கை பார்லி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வேகவைத்தாள். மசாலா கிடையாது, உப்பும் மிளகும்தான். 'ஐரிஷ் ஸ்டூ' என்றாள். மூடியைத் திறந்ததும் வந்தது எனக்குப் பழகிய வாசனை. நாம் இரண்டு பேரும் ஓட்டிய லாரியின் வாசனை.

காஷ்மீருக்கு ஆப்பிள் ஏற்றப் போய், ரோடு அடைத்து நான்கு நாள் வரிசையில் கிடந்தோமே, அங்கே பிடித்த வாசனை அது. மசாலாப் பொட்டலம் தீர்ந்துபோக, கிடைத்த கறியையும் கிழங்கையும் கேரட்டையும் ஒரே குண்டாவில் போட்டு நீ வேகவைத்தாய். நான் முகம் சுளித்தேன். "குடிச்சுப் பாருடா, அப்பறம் பேசு" என்றாய். அதற்குப்பின் குளிர் ஊர் லோடு என்றால் நமக்கு அதுதான் சாப்பாடு. கறியைத் தின்றுவிட்டு அடியில் நின்ற தண்ணீருக்கு இரண்டு பேரும் அடித்துக்கொள்வோம்.

மகள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தாள். கறியில் புரதமும் இரும்பும், கேரட்டில் கண்ணுக்கு வேண்டியது, பார்லியில் நார்ச்சத்து, கிழங்கில் பொட்டாசியம். "வெந்த தண்ணிய மட்டும் கொட்டக் கூடாதுங்கப்பா. பாதிச் சத்து அதுலதான் எறங்கியிருக்கும்" என்றாள். அதற்குமேல் எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

உன் வீட்டில் அந்தத் தண்ணீரைத்தானே கொட்டினார்கள். கிட்னி போய், வாரத்துக்கு மூன்று நாள் நீ சேலத்துக்கு டயாலிசிஸுக்குப் போய்வந்த இரண்டு வருஷமும், உன் வீட்டுக்காரி காயைப் பொடியாக நறுக்கி, ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவிட்டு, வடித்துக் கொட்டிய பிறகுதான் உனக்குப் போட்டாள். நீ அதைச் சக்கை என்பாய். "இவ கொட்டற சத்துல வாழமரம் கொழுத்துப்போச்சு, நான் எளைச்சுட்டேன்" என்று கேலி பேசுவாய். ஆனாலும் தட்டில் மிச்சம் வைக்கமாட்டாய்.

உடம்புக்கு முடியாதவனைப் பார்க்க நம் பக்கத்தில் யார் வெறுங்கையோடு போகிறார்கள்? மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காஷ்மீர்ப் பக்குவம் மாறாமல் நானே வைத்து, சாற்றை ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு நாமகிரிப்பேட்டைக்கு வந்தேன். அவள் மஞ்சள் காட்டுக்குப் போயிருந்தாள். "அவ வாரதுக்குள்ள ஊத்துடா" என்றாய். நாலு வாய் சத்து உள்ளே போனால் நீ மறுபடி ஸ்டியரிங் பிடிப்பாய் என்றுதான் நினைத்தேன். அடுத்த டயாலிசிஸ் செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை காலையில் நீ இல்லை.

மகளிடம் யாரோ ஒருவர் விஷயம் போலக் கேட்டுப் பார்த்தேன். "கிட்னி வேல செய்யாதவிங்களுக்கு அந்தப் பொட்டாசியம் வெளிய போவாதுங்கப்பா. ரத்தத்துலயே நின்னு இருதயத்தப் புடிச்சுக்கும்" என்றாள். ஒரு ஃபிளாஸ்க் சாறு போதுமா என்றேன். "போதும்னும் சொல்ல முடியாது, போதாதுன்னும் சொல்ல முடியாது. யாருக்குங்கப்பா?" நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

எனக்கு உள்ளுக்குள் எப்போதும் சந்தேகம் இருந்தது. யாரையும் கேட்கத்தான் பயம். மூன்று வருஷமாக உன் வீட்டுக்காரி என்ன சொல்லி அழுகிறாள் தெரியுமா? "அன்னிக்குக் காட்டுல இருந்து வர நேரமாயிருச்சுங்கண்ணா. கெழங்க ஊறவெக்காமயே போட்டுட்டேன். நானே கொன்னுட்டேன்." நானும் "உடு அம்மிணி" என்று ஆறுதல் சொல்லி, அவள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். நினைத்தால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

இன்று காலை போனேன். அடுப்பில் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அவள் ஒருத்திக்குத்தான் சமையல். இருந்தும் தண்ணீரை வடிக்கப் பாத்திரம் எடுத்து வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் நின்றபடியே ஃபிளாஸ்க் கதையைச் சொல்லிவிட்டேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "இப்பப் போங்கண்ணா" என்றாள். வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"பூராவும் குடிச்சாங்களா?"

"ஆமா அம்மிணி. மூடியில இருந்ததயும்."

"நல்லாருக்குன்னு சொன்னாங்களா?"

சொன்னாய். மீசையைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு வருசத்துல இன்னிக்குத்தாண்டா சாப்பிட்டேன்" என்றாய். அந்த இரண்டு வருஷமும் உனக்காக வடித்துக் கொட்டியவள் என் எதிரே நிற்கிறாள்.

"உப்புப் பத்தலைன்னான் அம்மிணி" என்றேன். அவள் லேசாகத் தலையை ஆட்டினாள்.

ஒரு லோடை இறக்கப் போய் இன்னொன்றை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன் மாப்ளே. நீ சொன்ன அந்த வார்த்தை என்னோடேயே இருக்கட்டும்.