ட்ரெபிளைக் குறைத்த சனிக்கிழமை

அக்டோபர் 11, சனிக்கிழமை

பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரை இன்று மறுபடியும் பிரித்தேன். சர்ச்சில் ஞாயிறு பூசைக்குக் கிட்டார் வாசிக்கும்போது அதன் ட்ரெபிள், அந்தக் கீச்சென்ற மேல் ஒலி, ஒரு மாதமாகக் காதில் ஊசிபோலக் குத்துகிறது. அதைக் குறைக்க, நாகல் நகரில் வாங்கிய கண்டென்சர் ஒன்றை வால்யூம் கன்ட்ரோலில் பற்றவைத்தேன். வாசித்தேன். குத்தியது. அதைவிடப் பெரியதாக மாற்றினேன். அப்போதும் குத்தியது.

சமையலறையிலிருந்து ஸ்டெல்லா வந்தாள். கோயில் பாடகர் குழுவில் பல வருடங்களாகப் பாடுகிறவள் என் மனைவி.

"என்னங்க, போர்வைக்குள்ள வச்சு வாசிக்கிற மாதிரி இருக்கு?"

"உனக்குக் குத்தலையா?"

"முன்னாடியும் குத்தலையே. கணீர்னு நல்லாத்தான இருந்துச்சு."

கிட்டாரைக் கீழே வைத்தேன். அவள் தட்டு கழுவும்போது நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவதும், நான் வேலை பார்க்கும் பள்ளியில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்வதும் நினைவுக்கு வந்தன. குறை ஆம்ப்ளிஃபயரில் இல்லை. அவளிடம் சொன்னேன்.

"திங்கக்கிழமை காது டாக்டர்ட்ட போவோம். நானும் வாரேன்," என்றாள். "நாளைக்கு வாசிக்க வேணாம்."

"வாசிக்கிறேன்."

"அப்ப பஞ்சு வச்சுக்கங்க."

கண்டென்சரைக் கழற்றி, எல்லாவற்றையும் பழையபடி மாட்டினேன். இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு, நாளைய காணிக்கைப் பாட்டை வாசித்துப் பார்த்தேன். குத்தவில்லை. ஸ்டெல்லா எதிரே நின்று கூடவே பாடினாள். அவள் குரல் எனக்குக் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் எந்த அடியில் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன். அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.