ராஜா பாடிய ஒரு வரி

அன்புள்ள ஒடெட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் தலை உடம்போடு சேர்ந்தே நலமாக இருக்கிறது, அங்கே கனடாவில், மொந்த்ரேயால் பனியில் உன் மூக்கு முகத்தோடு இருக்கிறதா என்று எழுது.

தலைப் பேச்சை ஏன் இழுக்கிறேன் என்றால், நம் பாரிஸின் சரித்திரத்தை ரோமானியர் காலம் தொட்டு ஆட்டமும் பாட்டுமாகச் சிரிப்புப் படம் எடுக்கிறார்கள், அதில் புரட்சியில் தலை போகிற ராஜா, குழாய் ரிப்பேர் செய்யும் உன் அப்பாதான். தொப்பையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்களாம். பிடிக்க வரும் கும்பலைப் பார்த்து ஒரே ஒரு வரி பாட வேண்டும், அந்த வரியை அவர் வீட்டில் பாடிப் பழகியதில் ஒரு மாதமாக எனக்குக் காது இல்லை. கும்பல் நம் தெரு ஆட்கள், முன்வரிசையில் ஈட்டியோடு நான். கதவை உடைத்துக்கொண்டு பாய்ந்தோம், ஆனால் உள்ளே போய் வணக்கம் சொல்லாமல் எப்படி, கறிக்கடை பப்தீஸ்த் கோடரியைக் கக்கத்தில் இடுக்கி ராஜாவின் கையைக் குலுக்கி, வணக்கம் ஒனோரே, முட்டிவலி தேவலையா என்றான். பின்னாலேயே மற்றவர்கள் வரிசை கட்டிக் கன்னத்தில் முத்தம். மறுபடி எடுத்தார்கள், மறுபடி வணக்கம். ஏம்மா, ராஜாவைப் பிடிக்க வந்தீங்களா, கல்யாணத்துக்கு வந்தீங்களா என்று டைரக்டர் கேட்டார். தலையை எடுக்கிறதா இருந்தாலும் மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல சார் என்றாள் எதிர்வீட்டுப் பெர்ஷோ. இன்னொரு தடவை கெட்டால் வேறு ராஜா என்று அவர் சொன்னதும் அப்பா பவுடரையும் மீறி வெளுத்துப்போனார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. முதலில் நுழையும் நான் வணக்கம் சொல்லாவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் கோபம் வருவதற்காக, வீட்டில் அப்பா பாடிக்கொண்டே பாலைத் தீய விட்டதை நினைத்தபடி ஓடி, அந்தப் பால் சட்டிய யாருய்யா தேய்க்கிறது என்று ஈட்டியை நீட்டி அலறினேன். கும்பலும் பால் சட்டி, பால் சட்டி என்று கர்ஜித்தது. அப்பா நடுங்கிக்கொண்டு வாயை அசைத்தார், சத்தமே வரவில்லை. டைரக்டர் துள்ளிக் குதித்து, இந்தப் பயம்தான் வேணும் என்று சொல்லிவிட்டு, என் காதில் மட்டும், பாட்டை வேற ஆளைப் பாட வெச்சு ஒட்டிக்கிறோம் என்றார். ஆக ராஜா தப்பித்தார், குரல்தான் வெட்டுப்பட்டது.

ஆனால் அப்பா, தான் பாடிவிட்டதாகவே நினைக்கிறார். கூச்சலில் தனக்கே கேட்கவில்லையாம். தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நம்ம குரல் படத்தில் வேறு மாதிரிதான் கேட்கும் என்று நானும் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், ஆனால் அவர் நம்புவது உன்னைத்தான்.

காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொள், வெறும் காபி குடித்துவிட்டு வேலைக்கு ஓடாதே. படம் அங்கே வந்ததும் பார்த்துவிட்டு, இருட்டில் கண்ணை மூடிக்கொண்டே அப்பா குரல் என்று கண்டுபிடித்தேன் என்று அவர் பேருக்கே எழுது. இந்தக் கடிதத்தை இன்றைக்கே கிழித்துப் போடு. நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, என் கண்ணே.

ராஜாவைப் பிடித்த உன் அம்மா,
லூசியென்